அட்டவணையும் அறமும்: மலைநாட்டுத் தாவரத் தரவுகள் குறித்து ஒரு சிந்தனை

அறிவைத் திரட்டுதல் நற்செயல் என்பதை மறுப்பார் இலர். கல்விக் கழகங்கள் தோன்றியதும், நூலகங்கள் எழுந்ததும், அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் தொகுக்கப்பட்டதும் இந்நம்பிக்கையின் அடியாகவே. ஆயின், திரட்டப்படும் அறிவு யாரிடமிருந்து வந்தது, திரட்டுபவர் அதற்கு யாருக்குக் கடன்பட்டவர் என்னும் வினாக்கள் அத்துணை எளிதில் விடை காணத்தக்கவை அல்ல. இவ்வினாக்களை மலைநாட்டுத் தாவரங்கள் பற்றிய தரவுகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுவரெலியா மாவட்டத்தின் சுதேசத் தாவரங்கள் எவை என்று அறிய விரும்பும் மாணவர் ஒருவர் இன்று மலையேற வேண்டியதில்லை. 2001இல் தொடங்கப்பெற்ற ஜி.பி.ஐ.எஃப். எனும் உலகளாவிய உயிர்ப்பல்வகைமைத் தகவல் அமைப்பும், கியூ தாவரவியற் பூங்கா 2017இல் வெளியிட்ட உலகத் தாவரத் தரவுத்தளமும் அவர் வேண்டுவனவற்றை மேசைக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. சில வரிக் கட்டளைகளை எழுதினாற் போதும். பதிவுகள் நிரையும் நிரலுமாக அணிவகுத்து நிற்கும். விஞ்ஞானப் பெயர், குடும்பம், கண்ட இடம், அகலக்கோடு, நெடுங்கோடு, ஆண்டு, பதிவுசெய்தவர் பெயர், சுதேசத் தாவரமா புகுத்தப்பட்டதா என்ற குறிப்பு ஆகிய யாவும் தத்தம் கட்டங்களில் அமர்ந்திருக்கும். முற்காலத்தில் ஓர் ஆய்வாளரின் வாழ்நாளை விழுங்கிய வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடுகிறது.

இவ்வெளிமை வரவேற்கத்தக்கதே. ஆனால், எளிமை ஒரு மயக்கத்தையும் உடன் கொணர்கிறது. கட்டங்களில் இருப்பது தாவரம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அங்கிருப்பது தாவரமன்று, ஒரு காலத்தில், ஓரிடத்தில், ஒருவர் ஒரு தாவரத்தைக் கண்டு சொன்ன சொல்லே. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் தரவு சேகரிப்பின் அறம் தெளிவாகும்; உணராவிடின் அது வெறும் தொழில்நுட்பமாக முடியும்.

உரையளவை

அறிவு எவ்வழியாகப் பிறக்கிறது என்ற வினாவைத் தமிழ் மெய்யியல் நன்கு ஆராய்ந்துள்ளது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைச் சைவசித்தாந்தம் முதன்மையாகக் கொள்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவை பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்குவதைப் பலரும் அறிவர். பொருளை நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. சமய நூல்கள் உரை என்பதற்கு ஆகமத்தை எடுத்துக்காட்டாகத் தந்தபோதிலும், அவ்வளவையின் தத்துவம் சமயத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டு அறிந்ததே.

ஹோட்டன் சமவெளியிற் செந்நிற மலர் சொரிந்து நிற்கும் ரொடோடென்ட்ரன் மரத்தை நேரிற் பார்ப்பவர் காண்டலால் அறிகிறார். அம்மரம் இத்தகைய குளிரிலும் உயரத்திலும் வளர்வதைக் கொண்டு, அருகிலுள்ள மற்றொரு சிகரத்திலும் அது இருக்கக்கூடும் என்று துணிபவர் கருதலால் அறிகிறார். தரவுத்தளத்திலிருந்து அதன் பதிவை இறக்கிக்கொள்பவரோ உரையால் மட்டுமே அறிகிறார். அவர் கையில் உள்ளது சாட்சியம். சாட்சியத்தைப் பெற்றவர் செய்யவேண்டிய முதற் காரியம், சாட்சி யார், அவர் எதனைக் கண்டார், எதனைக் காணவில்லை என்று வினவுவதாகும். பொருளைப் பெற்றவர் விலையைக் கொடுத்தாற் கடன் தீரும். சாட்சியத்தைப் பெற்றவரின் கடன் அவ்வாறு தீர்வதில்லை.

இம்மரத்தின் பதிவையே எடுத்துக்கொள்வோம். சிலர் இதனை இமயமலையிலும் காணப்படும் ரொடோடென்ட்ரன் ஆபோரியம் என்ற இனத்தின் இலங்கைக் கிளையினமாகக் கொள்வர். வேறு சிலர் ரொடோடென்ட்ரன் செய்லானிக்கம் எனத் தனி இனமாகவே கொள்வர். முதற் கொள்கையின்படி அவ்வினம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இரண்டாவதன்படி இலங்கைக்கேயுரிய இனங்களின் தொகை ஒன்றால் உயரும். மலையில் மரம் மாறவில்லை, உரை மாறியிருக்கிறது. பெயர்களை அவ்வாறே கூட்டி எண்ணுபவர், தாம் எண்ணுவது மரங்களையா கருத்துகளையா என்று அறியாமலே எண்ணுகிறார்.

சாட்சிகளின் வரிசை

இலங்கைத் தாவரங்கள் பற்றிய பதிவுகளின் வரலாறு, ஒருவர் சொல்லை மற்றொருவர் ஏற்று வளர்த்த நீண்ட சாட்சி வரிசையாகும். 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இங்கு பணியாற்றிய போல் ஹேர்மன் தாவரங்களை உலர்த்தித் தொகுத்தார்; அவற்றுக்கு இந்நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும் எழுதிவைத்தார். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் பின் அத்தொகுதி சுவீடனில் லின்னேயஸ் கைக்கு எட்டியது. அவர் இலங்கையை ஒருபோதும் கண்டவரல்லர். எனினும் அத்தொகுதியைக் கொண்டே 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’ என்னும் நூலை எழுதினார். இன்று அத்தொகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படங்களை இணையத்திற் காணலாம்.

இவ்வரிசையில் ஒருவர் இல்லை. ஹேர்மனுக்கு அச்செடிகளைக் காட்டி, ‘இதன் பெயர் இது’ என்று சொன்ன மனிதர் யார்? அவர் சொன்ன பெயர் நிலைத்தது. அவர் பெயர் நிலைக்கவில்லை. மூலச் சாட்சி மறைந்தார். அவரிடம் கேட்டெழுதியவர் புகழ்பெற்றார். கேட்டெழுதியதைப் படித்தவர் அதனினும் பெரும் புகழ்பெற்றார். இதனை லின்னேயஸின் குற்றமாகக் கூறுவது எம் நோக்கமன்று. அறிவு கைமாறும்போது சாட்சி தேய்வது ஓர் இயல்பான போக்கு. அப்போக்கிற்கு எதிராக நிற்பதே அறிஞர் கடமை என்பதற்கு இது ஒரு சான்று.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் நிறுவப்பெற்றது. அதன் பொறுப்பாளராயிருந்த அலெக்சாண்டர் மூன் 1824இல் இத்தீவின் தாவரங்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் நாட்டுப் பெயர்களும் இடம்பெற்றன. பின்வந்த துவைற்ஸ் 1858 முதல் 1864 வரையில் இலத்தீன் மொழியிற் பெருந்தொகுப்பொன்றை வெளியிட்டார். ஹென்றி ட்ரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893 முதல் 1900 வரையில் வெளிவந்தது. 1896இல் ட்ரைமன் மறைந்தபின் ஹூக்கர் அதனை நிறைவுசெய்தார். அந்நூலின் திருத்திய பதிப்புத் தொகுதிகள் 1980 முதல் 2006 வரையில் வெளிவந்தன. இந்நெடும் பணியில் ஓவியராகத் தொண்டாற்றிய ஹர்மானிஸ் டி அல்விசின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆனால், காட்டுக்குள் வழிகாட்டிச் சென்றோர், மரமேறிப் பூப்பறித்தோர், சுமை தூக்கியோர் ஆகியோருட் பெரும்பாலார் பெயரற்றவர்களாகவே போயினர்.

சாட்சி தேய்ந்தால் நன்றிக்கடன் மட்டுமன்று, உண்மையும் குறைவுபடும். துவைற்ஸ் தம் மாதிரிகளுக்கு சி.பி. என்ற எழுத்துகளோடு எண்ணிட்டு உலகின் பல காப்பகங்களுக்கும் அனுப்பினார். அவ்வெண்கள் ஒருமுறை ஓரிடத்தில் எடுத்த மாதிரியைக் குறிப்பன அல்ல. பெரும்பாலும் ஓர் இனத்தைக் குறிப்பன. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மனிதர் எடுத்தவை ஒரே எண்ணின் கீழ்ச் சேர்ந்துள்ளன. இதனை அறியாத கணினி அவற்றை ஒரே நிகழ்ச்சியாக எண்ணும். மேலும், பழைய மாதிரிகள் பலவற்றில் இடப்பெயர் ‘சிலோன்’ என்று மட்டுமே உண்டு. அத்தகைய பதிவுக்கு எவரேனும் நாட்டின் நடுப்புள்ளியை இடமாகக் கொடுத்துவிட்டால், நுவரெலியாவின் குளிர்க்காட்டுச் செடி சீகிரியாவுக்கு அண்மையான வறண்ட வலயத்தில் முளைத்துவிடும். ‘அறியப்படவில்லை’ என்று எழுதவேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதுவது சிறு பிழையாகத் தோன்றலாம். அது பொய்ச்சாட்சி என்பதே எமது கருத்து. சொன்னவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது அது.

வெற்றுக் கட்டம்

அட்டவணையில் நிரம்பிய கட்டங்களைவிட வெற்றுக் கட்டங்களே மெய்யியலாளருக்கு அதிக வேலை தருவன. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில், அளவைவாதி கூறும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. ஓரிடத்தில் ஒரு பொருள் இன்மையை அறிதல் அது. இவ்வின்மையறிவுக்கு இந்தியத் தருக்கநூலார் ஒரு நிபந்தனை விதித்தனர். ஒரு பொருள் அங்கு இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும் என்ற நிலையில் அது காணப்படாவிட்டாலே இன்மை துணியப்படும். இருளிற் குடம் காணப்படாமை குடம் இல்லாமைக்குச் சான்றாகாது. விளக்கேற்றித் தேடியபின் காணாமையே சான்றாகும்.

இந்நிபந்தனை தாவரத் தரவுகளுக்கு வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது. பதிவுகள் பெருந்தெருக்களின் ஓரத்திலும், பூங்காக்களின் அருகிலும், பயணிகள் செல்லும் இடங்களிலும் செறிந்திருப்பது உலகெங்கும் அறியப்பட்ட குறை. ஹோட்டன் சமவெளியும் ஹக்கலையும் பல்லாண்டுகளாக ஆய்வாளர் காலடி பட்டவை. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளின் இடுக்குகளில், நீரோடைக் கரைகளில் எஞ்சிநிற்கும் துண்டுக் காடுகளில் விளக்கேற்றித் தேடியவர் எத்தனை பேர்? நெலு எனப்படும் குறிஞ்சியினச் செடிகளுட் சில ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே திரண்டு பூக்கின்றன. பூவற்ற செடியை இனங்காண்பது அரிது; ஆகவே அதனைச் சேகரிப்போரும் குறைவு. பூத்த ஆண்டிற் பதிவு பெருகி, ஏனைய ஆண்டுகளிற் குறைந்தால், அது செடியின் வரலாறன்று, பார்த்தவரின் வரலாறு.

குருடியா செய்லானிக்கா என்னும் மரத்தின் கதை இதற்கு நல்லதொரு எடுத்துக்காட்டு. 2012ஆம் ஆண்டுத் தேசியச் செந்நிறப் பட்டியலில் அற்றுப்போனதாகக் குறிக்கப்பட்ட அம்மரம் 2019இல் கம்பகா மாவட்டத்தில் உயிரோடு இனங்காணப்பட்டது. 2021இல் நெடுஞ்சாலைப் பணிக்காக அதனை வெட்ட முற்பட்டபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. அற்றுப்போனது என்ற சொல் அட்டவணையில் இருந்த ஆண்டுகளிலும் மரம் தன்பாட்டில் நின்றுகொண்டே இருந்தது. இல்லை என்று எழுதப்பட்ட ஒன்றை எவர் காப்பாற்றுவார்? ‘இல்லை’ என்பதற்கும் ‘காணவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கண நுட்பமன்று; ஓர் உயிரின் முடிவு அதிலே தங்கியிருக்கக்கூடும்.

வெற்றுக் கட்டத்தின் அநீதி மனிதர் அறிவையும் தொடுகிறது. மஞ்சளின் புண்ணாற்றும் இயல்புக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடியதால் 1997இல் நீக்கப்பட்டது. அவ்வெற்றிக்கு உதவியவை பழைய நூல்களும் ஆய்விதழ்க் கட்டுரையும் ஆகும். நம் வீடுகளில் தாய்மார் தலைமுறை தலைமுறையாகப் புண்ணுக்கு மஞ்சள் பூசிய வழக்கம், அதுவாக நின்று அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தின்முன் போதிய சான்றாகியிராது. பிறநாட்டு வழக்கம் எழுத்தில் இருந்தாலே அங்கு எடுபட்டது. எழுதப்படாத அறிவு அறிவே அன்று எனக் கொள்ளப்பட்டது. இதனை உணர்ந்தே இந்தியா 2001இல் மரபறிவுக்கென ஒரு மின்னூலகத்தைத் தொடங்கியது.

தேயிலை மலைகளிலும் இத்தகைய எழுதப்படாத அறிவு உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்களும் புல்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளரும் நாள்தோறும் நிலத்தைப் பார்த்து வாழ்பவர்கள். வல்லாரை எந்தக் கானோரத்தில் தழைக்கும், பொன்னாங்காணி எப்போது பறிக்கத்தக்கது, எந்தச் செடி கையிற் பட்டால் அரிக்கும் என்பவற்றை அவர்கள் அறிவர். தமிழகத்திலிருந்து வந்த அவர்தம் முன்னோர், புலம்பெயர்ந்தோர் எங்கும் செய்வதுபோல, தம் ஊர்ச் செடியை ஒத்த செடிக்குத் தம் ஊர்ப் பெயரையே இட்டு அழைத்திருப்பர். உலகத் தரவுத்தளங்களில் நாட்டுப் பெயருக்கென ஒரு நிரல் உண்டு. மலைநாட்டுத் தோட்டத் தமிழுக்கு அந்நிரலிற் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. அவ்வெறுமையைப் பார்த்து ‘இவர்களுக்குத் தாவர அறிவு இல்லை’ என்று துணிபவர், இருளில் நின்று குடம் இல்லை என்பவரை ஒப்பார்.

சுதேசம் என்னும் சொல்

இனி, எம் பொருளின் மிகவும் நுண்ணிய பகுதிக்கு வருகிறோம். தரவுத்தளத்தில் ஒவ்வொரு தாவரத்துக்கும் ‘சுதேசம்’ அல்லது ‘புகுத்தப்பட்டது’ என்ற குறிப்பு உண்டு. 2012ஆம் ஆண்டுப் பட்டியலின்படி இலங்கையின் சுதேசப் பூக்குந் தாவர இனங்கள் ஏறக்குறைய 3,150. அவற்றுள் ஏறக்குறைய 900 இத்தீவுக்கேயுரியவை. இப்பாகுபாடு பாதுகாப்புப் பணிக்கு இன்றியமையாதது. எனினும் அதன் பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். மனிதர் கொண்டுவராமல் ஓரிடத்தை அடைந்த தாவரம் அவ்விடத்துக்குச் சுதேசமானது. மனிதர் கொண்டுவந்தது புகுத்தப்பட்டது. அச்சொல் வந்த வழியைக் கூறுகிறது. இருக்கும் தகுதியைக் கூறவில்லை.

மலைநாட்டின் இன்றைய தோற்றமே இதற்குச் சான்று. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை புகுத்தப்பட்டது. அதற்குமுன் மலைகளை மூடியிருந்த கோப்பியும், 1869இல் தோன்றி அக்கோப்பியை அழித்த இலைத்துரு நோயும் வெளியிலிருந்து வந்தவை. 1861இல் ஹக்கலைப் பூங்கா தோன்றியதே அந்தீஸ் மலைச் சிங்கோனாவைப் பயிரிடுவதற்காக. தேயிலைக்கு நிழல்தரும் கிரவிலியாவும் மலைச்சரிவுகளிற் காணும் யூகலிப்டசும் அவுஸ்திரேலிய மரங்கள். சுதேசமான காடு வெட்டப்பட்ட இடத்திலேயே இவை யாவும் நிற்கின்றன. அக்காட்டை வெட்டிய கைகளும் கூலிக்காகக் கொண்டுவரப்பட்டவையே.

வந்த வழி ஒன்று. நடந்துகொள்ளும் முறை வேறொன்று. ஹோட்டன் சமவெளியிற் பரவியுள்ள முட்புதரான யூலெக்ஸ் புல்வெளியை நெருக்குகிறது. அதனை ஆக்கிரமிப்பு இனம் என்பது அதன் செயல்பற்றிய தீர்ப்பு. மன்னாரின் பெருக்கமரமும் கடல்கடந்து வந்ததே. அது எவரையும் நெருக்கவில்லை, மன்னாரின் அடையாளங்களுள் ஒன்றாக நிற்கிறது. இரண்டும் ஒரே நிரலில் ‘புகுத்தப்பட்டது’ என்று எழுதப்படும். பிறப்பையும் செயலையும் ஒரே சொல்லால் தீர்ப்பிடுவது தாவரவியலிலேயே தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

தமிழில் இவ்வபாயம் இன்னும் அணுக்கமானது. நமது தாவரவியற் பாடநூல்கள் உயிர்ப்பாகுபாட்டின் படிகளை வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பெயரிடுகின்றன. மக்களைப் பிரிக்கவும் இதே சொற்களையே நாம் வழங்குகிறோம். ஆகவே, தாவர இனம்பற்றிச் சொன்னது மனித இனம்பற்றியதாக நம்மை அறியாமலே நழுவிவிடக்கூடும். சுதேசம், புகுத்தப்பட்டது, ஆக்கிரமிப்பு என்னும் சொற்கள் அரசியல் மேடையில் ஏறினால் என்ன நேரும் என்பதை மலைநாட்டு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ நிறுவும்படி கேட்டது. லயங்களிற் பிறந்து லயங்களில் இறந்த தலைமுறைகளுக்குப் பதிவுத்தாள் எங்கிருந்து வரும்? வெற்றுக் கட்டம் இன்மையாகக் கொள்ளப்பட்டது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 975,000 பேரைப்பற்றிப் பேசியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று பகுத்தது. 1974இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் நோக்கோடு 2003இலும் ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது. ஓர் அட்டவணையின் நிரல்கள் மக்கள்மீது இறங்கியபோது நிகழ்ந்தது இது.

தாவரத்துக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு இங்கு தெளிவாகிறது. செடி தன்னைப்பற்றிப் பேசமாட்டாது. ஆகவே அதன் வரலாற்றை நாம் எழுதுகிறோம். மனிதர் பேசுவர். தாம் எவ்விடத்துக்கு உரியர் என்று கூறும் சாட்சியத்துக்கு முதல் உரிமையுடையோர் அவர்களே. அவர்கள் வாய்ச்சொல்லைக் கேளாமல் அவர்களுக்கு நிரல் வகுப்பவர், மனிதரைச் செடியாக்குகிறார். இருநூறு ஆண்டுகளாக அம்மண்ணில் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்துக்கு வந்து அம்மண்ணின் சுதேசத் தாவரங்களைப் பட்டியலிடுகிறார்கள் என்றால், அச்செயலில் முரண்பாடு ஏதுமில்லை. நிலத்தை அறிந்து காப்பவர் அந்நிலத்துக்கு உரியவர் என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சியம் வேறில்லை.

எடுத்தலும் மீளக் கொடுத்தலும்

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். அறிவு பொதுச்சொத்து; ஒரு மலையில் ஒரு மரம் நிற்கிறது என்ற உண்மைக்கு உரிமையாளர் எவரும் இலர்; தடையின்றிப் பகிர்ந்தாலே விஞ்ஞானம் வளரும்; இதில் கடனைப்பற்றிப் பேசுவது அறிவுக்கு வேலியிடுவதாகாதா என்று சிலர் கேட்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. திறந்த தரவு இல்லாவிடின், பெருஞ்செலவு செய்து லண்டனுக்குப் போகவியலாத நம் மாணவர் ஹேர்மனின் செடிகளை என்றும் கண்டிரார். தரவுகளைப் பூட்டிவைப்பதை நாம் வேண்டவில்லை.

ஆனால், கடன் என்பது உடைமையிலிருந்து மட்டும் பிறப்பதன்று, நம்பிக்கையிலிருந்தும் பிறக்கும். நண்பர் சொன்ன செய்தி அவர் உடைமையன்று. எனினும் அதனை எங்கு, எவரிடம், எவ்வாறு சொல்வது என்பதில் நமக்குப் பொறுப்பு உண்டு. ஆகவே, ‘இத்தரவு யாருக்குச் சொந்தம்’ என்ற வினாவைவிட, ‘இத்தரவைக் கையாள்பவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர்’ என்ற வினாவே பொருத்தமானது. சாட்சி சொன்னவருக்கும், சாட்சியத்திற் பேசப்படும் உயிருக்கும் அவர் பதில் சொல்லவேண்டும்.

உயிருக்குப் பதில் சொல்வது எவ்வாறு? வல்லப்பட்டை மரத்தின் நறுமணப் பிசினுக்கு வெளிநாட்டிற் பெருவிலை உண்டு என்பது பரவியபின், 2010களில் அது களவாக வெட்டப்பட்டுக் கடத்தப்பட்டது. இத்தகைய மரமோ அரிய ஓர்க்கிட்டோ நிற்குமிடத்தை அடிக்கணக்கிற் துல்லியமாக வெளியிடுவது, காவலருக்கும் கள்வருக்கும் ஒரே வேளையில் முகவரி கொடுப்பதாகும். உண்மையைச் சொல்வது அறம். எனினும் ஓர் உயிரைக் கொல்லும் நுட்பத்தோடு சொல்லவேண்டும் என்பதில்லை. உணர்வுக்குரிய இனங்களின் இடத்தைச் சற்றுப் பரந்த எல்லையிற் குறிக்கும் வழக்கம் தரவாளரிடையே ஏற்பட்டிருப்பது இதனாலேயே.

சாட்சிக்குப் பதில் சொல்வதற்கு அகத்தியமலை ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. 1987இல் கேரளத்து ஆய்வாளர் சிலர் அம்மலையில் ஏறியபோது, உடன்வந்த காணிப் பழங்குடியினர் களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அவர்கள் உண்ட சிறு கனிகளின் காரணத்தை வினவி ஆரோக்கியப்பச்சை என்னும் செடியை அறிந்தனர். அதன் விஞ்ஞானப் பெயர் திரைக்கோபஸ் செய்லானிக்கஸ். நம் தீவின் பெயரைத் தாங்கிய அச்செடி இலங்கையிலும் வளர்கிறது. அதிலிருந்து ஆக்கிய மருந்தின் உரிமத்தொகையிற் பாதியைக் காணிமக்களுக்கு அளிப்பதென முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென ஒரு பொறுப்பகம் பதிவுசெய்யப்பட்டது. அவ்வேற்பாட்டில் குறைகள் இருந்தன என்று பின்னர் பலர் எடுத்துக்காட்டினர். ஆயினும், வழிகாட்டியவர் பெயரற்றவராக மறையவேண்டியதில்லை என்ற கொள்கை அங்கு நடைமுறையாயிற்று. 1992ஆம் ஆண்டு உயிர்ப்பல்வகைமைச் சமவாயமும், மரபறிவு தொடர்பாக 2024 மே மாதத்தில் ஜெனிவாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையும் இக்கொள்கையையே நாடுகளிடையே நிலைநாட்ட முயல்கின்றன.

மலைநாட்டுத் தாவரத் தரவுகளைத் திரட்டும் மாணவருக்கு இவற்றால் விளையும் கடமைகள் பெரியன அல்ல, ஆனால் திட்டமானவை. பதிவுசெய்தவர் பெயரையும் மாதிரி எண்ணையும், அட்டவணையை அழகுபடுத்துவதற்காக நீக்காதிருத்தல் வேண்டும். வெற்றுக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாது வெறுமையாகவே விட்டு, எங்கு தேடப்பட்டது, எங்கு தேடப்படவில்லை என்று தனியே குறித்தல் வேண்டும். டார்வின் கோர் என வழங்கும் பொதுத் தரவு நியமமே ‘உண்டு’, ‘இல்லை’ என்பவற்றை வெளிப்படையாக எழுதுவதற்கு ஒரு நிரல் வைத்திருக்கிறது. அதனைப் பயன்படுத்துவோர் குறைவு. தோட்டத்து முதியவர் ஒருவரிடம் செடிப்பெயர் கேட்டறிந்தால், அவர் இசைவைப் பெறவேண்டும். அவர் விரும்பினால் அவர் பெயரையும் எழுதவேண்டும். இறுதியாக, திரட்டிய பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கி, அம்மலைகளின் பாடசாலைகளுக்குத் திரும்பக் கொண்டுசெல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் மட்டும் உள்ள அறிவு, அதைச் சொன்னவரிடமிருந்து பறிக்கப்பட்ட அறிவாகவே இருக்கும்.

குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொன்னார். அவற்றுட் சில பெயர்கள் எச்செடியைக் குறித்தன என்பதில் இன்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பட்டியல் அழியவில்லை, அப்பெயரைச் சொல்லிச் செடியைக் காட்டக்கூடிய மக்களின் தொடர்பு அற்றுவிட்டது. மலைநாட்டுத் தாவரங்களின் கணினிப் பட்டியல்களுக்கும் இந்நிலை வரக்கூடும். துண்டுக் காடுகள் இன்னும் முற்றாக மறையவில்லை. செடிகளைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்களும் தோட்டங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். மேசையில் அமர்ந்து இறக்கிக்கொண்ட அட்டவணையைக் கையிலெடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் புறப்படவேண்டியதே அடுத்த வேலை.